அரைக் கேக்குக்கு முழுக் காவல்

கண்டியில் காரியாலயங்களுக்குக் குறைவில்லை. காணிக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. மனிதன் வாய்க்குள் எதைப் போடுகிறான் என்று கவலைப்படுவதற்காக மட்டும் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் வீதியில் மூன்று மாடியில் ஒன்று இருந்தது. பெயர் மலைநாட்டு உணவுப் பாதுகாப்புச் சபை. அங்கே முப்பத்தொரு பேர் காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலேகால் வரை கவலைப்பட்டார்கள். மத்தியானம் கவலையை நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

ராஜலிங்கம் அங்கே பதினொரு வருடமாக அலுவலக உதவியாளர். தேத்தண்ணீர் கொடுப்பது, கோப்பு சுமப்பது, பிரதி எடுப்பது என்று எல்லாம் அவர் தலையில். சபையின் கைநூலை மட்டும் நாலாயிரம் தடவைக்கு மேல் பிரதி எடுத்திருப்பார். அதை வாசித்தவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமென்றால் அவரைத்தான் சொல்லவேண்டும். இயந்திரம் ஓடும்போது வேறு என்னதான் செய்வது?

ஒரு வாரக் கடைசியில் சபைக்கு ஒரு நல்ல செய்தி. உற்பத்தித்திறன் போட்டியில் மூன்றாம் இடம். போட்டியிட்ட காரியாலயங்களும் மூன்றுதான் என்பதை யாரும் கிளறவில்லை. பணிப்பாளர் திவாகரன் திங்கட்கிழமை கேக் வெட்டவேண்டும் என்றார். ராஜலிங்கத்தின் மனைவி லோஜினி கேக் செய்து கொடுத்தாள்.

லோஜினி அதைச் சும்மா செய்யவில்லை. பிலிமத்தலாவையில் மஹ்மூத் நானா தன் கடைக் கண்ணாடி அலுமாரியில் ஒரு தட்டை அவளுக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் உணவு செய்பவர் என்ற பதிவுச் சான்றிதழ் மாத முடிவுக்குள் கையில் இருக்கவேண்டும். அந்தச் சான்றிதழைக் கொடுப்பது இதே சபை. விண்ணப்பம் பணிப்பாளரின் மேசையில், கடதாசி பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில், நாலு மாதமாகப் பத்திரமாக இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தால் ஐயாவுக்கு ஞாபகம் வரும் என்று லோஜினி நினைத்தாள். இரண்டரைக் கிலோ பட்டர் கேக். மேலே பட்டர் ஐசிங்கில் சபையின் சின்னம்: ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதற்கு மேலே விரித்த குடை.

காலையில் பெட்டியோடு அனுப்பும்போதே சொல்லிவிட்டாள். “மிஞ்சினா இந்த மூடி போட்ட டப்பாவுலயே வச்சு பிரிட்ஜ்ல வச்சிருங்க. மீன் கொழம்பு, வெங்காயம் பக்கத்துல வேணாம், கேக்கு மணத்த இழுத்துக்கிரும். சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முந்தி வெளிய எடுத்து வைங்க, பட்டர் எளகணும். நாலஞ்சு நாளைக்குள்ள தின்னு முடிச்சிருங்க. வேற ஒன்னுமில்ல.”

வேறு ஒன்றுமில்லை என்று அவள் நினைத்தாள்.

பணிப்பாளர் ஐம்பது நிமிடம் பேசினார். அதற்குள் பின்வரிசையில் இருந்தவர்கள் ரோல்ஸையும் பெட்டிஸையும் ஒரு கை பார்த்துவிட்டார்கள். கேக் வெட்டும்போது யார் வயிற்றிலும் இடமில்லை. பாதிக் கேக் மிஞ்சியது.

“சேர், மிச்சத்த எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துரவா?” என்று ராஜலிங்கம் கேட்டார்.

பணிப்பாளரின் முகம் மாறியது. “ராஜலிங்கம், நாடு முழுக்கச் செய்யிற பிழை இதுதான். மிஞ்சினா உடன பிரிச்சுக் குடுக்கிறது. சனம் மிச்சக் கேக்கைச் சாப்பிடலாம், அதுகளுக்கு ஒண்டும் தெரியாது. நாங்கள் தெரிஞ்சவையள். தெரிஞ்சவையள் எப்பிடி ஒரு கூட்டம் வைக்காமச் சாப்பிடுறது?”

கூட்டம் வைத்தார்கள். கேக்கை மேசைமேல் திறந்து வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று, அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். மூன்று ஈக்களும் பங்குபற்றின. மூடி போட்ட டப்பா அங்கீகரிக்கப்பட்ட கொள்கலனா என்ற கேள்வியில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. எல்லோரும் எழுந்து போனதும் ராஜலிங்கம் கேக்கை டப்பாவில் போட்டு மூடி, சமையலறை பிரிட்ஜில் வைத்தார். அதற்கு அரை நிமிடம் பிடித்தது.

போகும்போது பணிப்பாளர் ஒரு துண்டுக் கடிதம் எழுதி நிர்வாக உத்தியோகத்தர் றிஸ்விக்கு அனுப்பினார். “மிகுதிக் கேக் தொடர்பில் உணவுப் பாதுகாப்பு ஏற்பாடு உடன் தேவை.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். உணவுப் பாதுகாப்பு என்றால் உணவிலிருந்து மனிதனைப் பாதுகாப்பதா, மனிதனிடமிருந்து உணவைப் பாதுகாப்பதா? பெயர்ப்பலகை தொங்கிய நாளிலிருந்து சபையில் யாரும் இதைக் கேட்டதில்லை. றிஸ்வியும் கேட்கவில்லை. அவர் கோப்புப் பட்டியலைப் பார்த்தார். ‘பாதுகாப்பு’ என்று ஒரே ஒரு கோப்புத்தான் இருந்தது. அதில் கேட், பூட்டு, சாவி, காவலாளி எல்லாம் இருந்தன. அவர் ஒரு கட்டளை அடித்தார். செவ்வாய்க்கிழமை காலை பணிப்பாளர் அதை வாசிக்காமல் கையெழுத்திட்டார்.

ஒன்பது மணிக்கு ராஜலிங்கம் தேத்தண்ணீர் போடச் சமையலறைக்குப் போனால், பிரிட்ஜுக்கு முன்னால் கதிரை போட்டு, தொப்பி போட்டு, கேட் காவலாளி ஹில்மி உட்கார்ந்திருந்தார். மடியில் கேட்டில் இருக்கும் பெரிய பதிவுப் புத்தகம்.

“என்ன ஹில்மி நானா, இங்க?”

“கேக்குக்குக் காவல் போட்டீக்கி. இரவு பகல் எண்டு எழுதீக்கி. நான் பகலுக்கு, மற்றவர் இரவைக்கு.” ஹில்மி பேனாவைத் திறந்தார். “நீங்களும் பேர் சொல்லிட்டுத்தான் போகோணும். வாகன இலக்கம்?”

“நான் நடந்துதானே வந்தேன், நானா.”

“வாகனம் இல்ல, நடந்து வந்தார்,” என்று ஹில்மி எழுதினார். கேட் புத்தகத்தில் எத்தனை கட்டம் இருந்ததோ அத்தனையும் நிரப்பினார். உள்ளே கொண்டுவந்தது: கேத்தல் ஒன்று. வெளியே கொண்டுபோனது: அதே கேத்தல். வெளியேறும்போது நிலை: நல்லம். இந்தக் கடைசிக் கட்டம் உண்மையில் லொறிகளுக்கானது.

பத்தரைக்குப் பணிப்பாளர் வந்து பார்த்தார். காவலாளியைப் பார்த்தார், பிரிட்ஜைப் பார்த்தார், கட்டளையில் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிழை என்று சொல்ல வாய் திறந்த மனிதர், அந்தக் கையெழுத்தைக் கண்டதும் வேறு ஒன்றைச் சொன்னார்.

“நல்லது. பாதுகாப்பு எண்டால் பாதுகாப்புத்தான். அதை இப்பிடி அப்பிடியெண்டு பிரிச்சுப் பாக்கேலாது. கேக்கைச் சனம் தொடாட்டில் சனத்தைக் கேக் என்ன செய்யும்? இதுதான் விஞ்ஞானம்.” பிறகு ஹில்மியையும் ராஜலிங்கத்தையும் வாசலுக்கு அனுப்பிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஒரு மாதிரி எடுக்கவேண்டியிருக்கிறதாம். வெளியே வரும்போது மீசையில் கொஞ்சம் குடை இருந்தது. ராஜலிங்கம் அதைக் கவனித்தார்.

அடுத்தது வெப்பநிலை. உதவிப் பணிப்பாளர் நிஷாந்தினி பிரிட்ஜுக்குள் வெப்பமானி வைத்து, மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து வாசித்து எழுதினார். பன்னிரண்டு மணிக்கு எட்டுப் பாகை. கவலைக்கிடம் என்று அரை மணிக்கு ஒருமுறை திறக்கத் தொடங்கினார். பதினொரு பாகைக்கு ஏறியது. கால் மணிக்கு ஒருமுறை ஆக்கினார்.

“மெடம், கதவ தொறக்காம விட்டா சரியாயிரும்னு நெனைக்கிறேங்க,” என்றார் ராஜலிங்கம்.

“தொறக்காம சரியாயிருச்சின்னு எப்பிடித் தெரியும்?”

மெடம் சாப்பிடப் போன நேரம் ராஜலிங்கம் பிரிட்ஜின் திருகியை மூன்றிலிருந்து ஆறுக்குத் திருப்பி வைத்தார். அடுத்த நாள் காலை நாலு பாகை. “தொடர் கண்காணிப்பின் பயனாக நிலைமை கட்டுப்பாட்டுக்குள்” என்று நிஷாந்தினி எழுதினார். எழுதிவிட்டு அவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மாதிரி எடுத்தார்.

டப்பாவில் மும்மொழியிலும் பெயர் ஒட்டவேண்டும் என்று அடுத்த கட்டளை வந்தது. தமிழில் றிஸ்வி ‘கேக் எச்சம்’ என்று அடித்துக் கொண்டுவந்தார்.

“சேர், எச்சம்னா காக்கா போடுறதுங்க.”

“அகராதியில மிச்சம் எண்டுதான் ஈக்கி, ராஜலிங்கம். காகத்தப் பத்தி நான் ஒண்டும் எழுதல்லயே.” அதை ஒட்டினார்கள். ஒட்டிவிட்டு, பசை நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க றிஸ்வி கொஞ்ச நேரம் உள்ளே தனியாக இருந்தார்.

வீட்டில் லோஜினி தினமும் ஒரே கேள்விதான். “கேக்கு எப்பிடின்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“ஆராய்ஞ்சுகிட்டு இருக்காங்க.”

“கேக்கத் தின்னுதானே பாக்கணும்? ஆராய்றதுக்கு அதுல என்ன இருக்கு?” அவள் சிரித்தாள். ராஜலிங்கமும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை சபையில் தண்ணீர் வரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் தண்ணீர் மோட்டரைக் காணோம். இரவு கேட்டில் ஆளில்லை. இரவுக் காவலாளி பிரிட்ஜுக்கு முன்னால் இருந்தார். மோட்டரைக் கழற்றியவர்கள் அவசரப்படவேயில்லை போலிருக்கிறது. நாலு ஆணியையும் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“சேர், ஹில்மி நானாவத் திரும்ப கேட்டுக்கு அனுப்பலாங்களா?”

“மோட்டர் உணவில்லை, ராஜலிங்கம். அது எங்கட சபைக்குள்ள வராது,” என்றார் பணிப்பாளர். ‘கைகளை நன்றாகக் கழுவுக’ என்று மும்மொழியில் எழுதியிருந்த தொட்டிக்கு ராஜலிங்கம் பக்கத்து வீட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். இரண்டு நாளும் இடுப்பு விட்டுப்போயிற்று.

வியாழக்கிழமை பணிப்பாளர் ஒரு அறிக்கையைக் கொடுத்து இருபது பிரதி கேட்டார். திகதி வெள்ளிக்கிழமை என்றிருந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியது, ராஜலிங்கம் வழக்கம்போல் வாசித்தார். ‘குழுவினர் வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்து பரிசோதித்ததில், மிகுதிக் கேக் மனித நுகர்வுக்கு உகந்தது அல்ல எனத் தெரியவந்தது.’ கடைசிப் பந்தியில்: ‘ஆகவே இதன் உற்பத்தியாளர் திருமதி லோஜினி ராஜலிங்கத்தின் பதிவு விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

பதினொரு வருடத்தில் எத்தனையோ மடத்தனங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தவர்தான். தன் வீட்டுக்காரியின் பெயர் ஒன்றில் வந்தது இதுதான் முதல் தடவை. பிரதிகளை அள்ளிக்கொண்டு நேரே பணிப்பாளரின் அறைக்குப் போனார்.

“சேர், நாளைக்குத்தானேங்க தொறந்து பாக்கப்போறீங்க?”

“ஓம், பாக்கத்தான் போறம். ஆனா முன்னுக்கே எழுதாட்டில் நேரத்துக்கு மேலிடத்துக்கு அனுப்பேலாது.”

“கேக்கு நல்லாருந்திச்சின்னா?”

பணிப்பாளர் கதிரையில் சாய்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “மிச்சக் கேக் நல்லா இருக்குது எண்டு எழுதினா அதை ஆர் வாசிப்பினம்? ஆபத்து இருக்கோணும். ஆபத்து இல்லாட்டில் சபை என்னத்துக்கு? சபை இல்லாட்டில் நான் என்னத்துக்கு? உம்மட மனுசி எண்டு எனக்கு நல்லாத் தெரியும். அதாலதான் நான் இன்னும் கடுமையா இருக்கவேண்டிக் கிடக்கு. இல்லாட்டில் பக்கச்சார்பு எண்டு சொல்லிப் போடுவாங்கள்.”

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் லோஜினி கேக் பெட்டிகள் இருபத்தைந்து வாங்கி, மடிப்பு மடிப்பாக அடுக்கி வைத்திருந்தாள். மஹ்மூத் நானா அலுமாரித் தட்டைத் துடைத்து வைத்துவிட்டாராம். பெட்டிகள் நல்ல பெட்டிகள் என்று மட்டும் ராஜலிங்கம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு சமையலறையில் கூடியது. பணிப்பாளர் கையுறையும் முகக்கவசமும் போட்டிருந்தார். மேலிடத்துக்கு அனுப்பப் படம் எடுக்க ஒருவர் நின்றார். ராஜலிங்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இருபது பிரதிகளையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். ஹில்மி எழுந்து, சல்யூட் அடித்து, பிரிட்ஜைத் திறந்து டப்பாவை மேசையில் வைத்தார்.

பணிப்பாளர் மூடியைத் திறந்தார்.

உள்ளே எண்ணெய்க் கடதாசி இருந்தது. கடதாசியில் சில துகள்கள் இருந்தன. ஐசிங்கில் செய்த குடையின் கைப்பிடி மட்டும், நகம் அளவுக்கு, ஓரத்தில் கிடந்தது.

“களவு!” என்றார் பணிப்பாளர். “காவல் இருக்கேக்கையே களவு! ஹில்மி, நீர் என்ன செய்துகொண்டிருந்தனீர்?”

ஹில்மியின் முகம் சிவந்தது. இருபது வருடக் காவல்காரர். கேட் வழியாகப் போன ஒரு சைக்கிளைக்கூட எழுதாமல் விட்டதில்லை. “சேர், என்னத்த சொல்றீங்க? ஒரு துண்டும் எழுதாம வெளிய போகல்ல. எல்லாம் புத்தகத்துல ஈக்கி.”

நிஷாந்தினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். றிஸ்வி, புத்தகம் பிறகு பார்க்கலாம், முதலில் தேத்தண்ணீர் குடிப்போம் என்றார். அந்த அவசரத்தைக் கண்டதும் ராஜலிங்கத்துக்கு மூன்று நாளுக்கு முன் பார்த்த மீசை ஞாபகம் வந்தது.

“வாசிங்க நானா,” என்றார்.

ஹில்மி வாசித்தார். கேட்டில் லொறி இலக்கம் வாசிக்கும் அதே உரத்த குரல். “செவ்வாய், பத்து நாப்பது. பணிப்பாளர். வாகனம் இல்ல, நடந்து வந்தார். உள்ளே கொண்டுவந்தது, கரண்டி. வெளியே கொண்டுபோனது, மாதிரி ஒரு துண்டு, குடைப் பக்கம். வெளியேறும்போது நிலை, நல்லம். செவ்வாய், மூண்டு அம்பது. பணிப்பாளர். நடந்து வந்தார். மாதிரி ஒரு துண்டு, பெரிசு. நிலை, நல்லம். புதன், ஒம்பது பத்து. உதவிப் பணிப்பாளர் மெடம். மாதிரி ரெண்டு துண்டு, ஒண்டு கைலேஞ்சியில சுத்தி. நிலை, நல்லம். புதன், பதினொண்டு. நிர்வாக உத்தியோகத்தர் சேர். பசை பார்க்க வந்தார். பசையோட ஒரு துண்டு…”

“போதும்,” என்றார் பணிப்பாளர்.

“வியாழன் இன்னும் ஈக்கி, சேர். நீங்க மூண்டு தரம்.”

படம் எடுக்க வந்தவர் கெமராவைக் கீழே இறக்கினார். பணிப்பாளர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, “எது எப்பிடியோ, அறிக்கை அறிக்கைதான். கேக் உகந்தது அல்ல,” என்றார்.

ராஜலிங்கம் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் முகத்தில் கவலையைத் தவிர வேறெதுவும் இல்லை. “அப்பிடின்னா சேர், வேன ரெடி பண்ணவா?”

“என்ன வேன்?”

“கைநூல்ல ஒம்பதாம் பக்கத்துல இருக்குங்களே. உகந்தது அல்லாத உணவ சாப்பிட்டவங்கள உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், பதினாலு நாளு கடமையில வைக்கக்கூடாது, பேரெல்லாம் அறிவித்தல் பலகையில போடணும்னு. பேரு புத்தகத்துல இருக்கு, நான் பிரதி எடுத்துருவேன். அஞ்சு நிமிசம் போதும், சேர்.”

நிஷாந்தினி மெல்ல வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். றிஸ்வி கைநூலின் ஒன்பதாம் பக்கத்தைத் தேடினார். தன் பிரதி இன்னும் கட்டுப் பிரிக்கப்படவில்லை என்று தெரிந்தது.

பணிப்பாளர் முகக்கவசத்தைக் கழற்றினார். பிறகு, ஐம்பது நிமிடம் பேசும் அதே குரலில் தொடங்கினார். “சில பேர் இதைக் களவெண்டு நினைக்கலாம். உண்மை என்ன? மிச்சக் கேக் ஆபத்தோ இல்லையோ எண்டு சனத்துக்குத் தெரியோணும். அதுக்காக நாங்கள் எங்கட சொந்த உடம்பையே ஆய்வுகூடமாக்கினனாங்கள். நான் மட்டும் அஞ்சு தரம் உயிரைப் பணயம் வைச்சிருக்கிறன். ஒவ்வொரு தரமும் பிழைச்சு வந்திருக்கிறன். இதைவிடப் பெரிய சான்று என்ன வேணும்? கேக் உகந்தது. எழுதுங்கோ.”

கைதட்டினார்கள். ஹில்மியும் தட்டினார், அவருக்கு உண்மையிலேயே பேச்சுப் பிடித்திருந்தது.

திருப்பி அடிக்க நேரமில்லை. ராஜலிங்கம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து இருபது பிரதிகளிலும் ‘அல்ல’ என்ற சொல்லை வெட்டினார். கடைசிப் பந்தியில் ‘நிராகரி’யை வெட்டி ‘அங்கீகரி’ என்று எழுதினார். மீதியெல்லாம் அப்படியே பொருந்தியது. ஒவ்வொன்றிலும் பணிப்பாளர் சின்னக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்த விண்ணப்பம் நாலு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் கண்டது. பன்னிரண்டு மணிக்கு முன் சான்றிதழ் தயார். ஹில்மி கதிரையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குத் திரும்பினார், இனிக் காவல் காக்க மோட்டர் இல்லாவிட்டாலும்.

அவர் போவதற்கு முன் ராஜலிங்கம் புத்தகத்தை வாங்கி, அந்த நாலு நாள் பக்கத்தையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.

பின்னேரம் பிலிமத்தலாவை வீட்டில் லோஜினி சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். கண் கலங்கியது. பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

“மனித நுகர்வுக்கு உகந்தது. அப்பிடின்னா நல்லாருக்குன்னு அர்த்தமா?”

“இல்ல. தின்னா சாகமாட்டாங்கன்னு அர்த்தம்.”

“நல்லாருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியா?”

ராஜலிங்கம் சட்டைப் பையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். அவள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். செவ்வாய் முடிந்து புதனுக்கு வரும்போது உதடு துடித்தது. வியாழனில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“பணிப்பாளரு அஞ்சு தடவையா?”

“அஞ்சு.”

“பெரிசுன்னு வேற எழுதியிருக்காரு!” அவள் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். ராஜலிங்கம் அவளை இவ்வளவு சந்தோசமாகப் பார்த்து நாளாகியிருந்தது. வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள். ராஜலிங்கத்தின் பெயர் பக்கம் முழுக்க இருந்தது. கேத்தல், வாளி, கேத்தல், வாளி. ஒவ்வொன்றுக்கும் நேரே, மாதிரி: இல்லை.

“நீங்க ஒரு துண்டுகூடத் திங்கலியா?”

“எனக்கு யாரு குடுத்தா?”

அவள் எழுந்து போய், தங்கள் பிரிட்ஜிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து வந்தாள். ஐசிங் போடுமுன் ஓரத்தை நேராக்க வெட்டிய துண்டு. திங்கட்கிழமையே மூடி வைத்தது. அரை மணித்தியாலம் மேசையில் வைத்து, இளகிய பிறகு, தட்டில் போட்டுக் கொடுத்தாள். ராஜலிங்கம் வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

லோஜினி பேனாவை எடுத்து, அவர் பெயருக்கு நேரே கடைசியாக இருந்த ‘இல்லை’யை வெட்டினாள். ‘ஒரு துண்டு, ஓரம்’ என்று எழுதினாள்.

“நிலை?” என்று கேட்டாள்.

“நல்லம்,” என்றார் ராஜலிங்கம், வாய் நிறைய.

அதையும் எழுதினாள். அடுத்த நாள் சான்றிதழ் மஹ்மூத் நானாவின் கடைக்குப் போயிற்று. அந்தப் பக்கத்தை லோஜினி பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டாள்.